வெள்ளி, சனி, ஞாயிறு

விருதுநகரில் ஒரு மிஷன் பள்ளியில் படித்த காலத்தில் வேதபாடத்தில் இரண்டு வருஷம் தொடர்ந்து முதல் பரிசு வாங்கினேன். இதில் பக்திக்குப் பங்கு எதுவும் இல்லை. எனக்கு மனப்பாடம் நன்றாக வரும், அவ்வளவுதான். ஆமத்தூர்ப் பக்கத்தில் எங்கள் வீட்டில் அந்தப் பரிசுப் புத்தகங்களை அம்மா மாரியம்மன் படத்துக்குக் கீழே வைத்து, வெள்ளிக்கிழமைதோறும் அவற்றுக்கும் சேர்த்துச் சூடம் காட்டினாள். புத்தகத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று அவள் கேட்டதில்லை. கேட்டிருந்தால், இப்படிச் சூடம் காட்டுவதை அந்தப் புத்தகம் பல இடங்களில் கடுமையாகக் கண்டித்திருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

ஐம்பதுகளின் கடைசியில், இன்டர்மீடியட்டை ஒரு வழியாக முடித்துவிட்டு, சிவகாசியில் ஒரு அச்சகத்தில் கடிதம் எழுதும் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். தீப்பெட்டி லேபிள், வெடிக்கட்டு லேபிள், காலண்டர் மூன்றும்தான் அங்கே அச்சாகும். முதலாளி என் சான்றிதழ்களைப் புரட்டியவர் வேதபாடப் பரிசில் வந்து நின்றார்.

“அப்ப இந்த அல்லேலூயா சங்கதியெல்லாம் உமக்குத் தெரியும்?”

“கொஞ்சம் தெரியும்ங்கய்யா.”

“துலுக்கச் சங்கதி?”

“ஆபிரகாம் வரைக்கும் ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லுவாங்க.”

அந்த ஒரு வாக்கியத்தை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். வேலை கிடைத்திருக்கும், பின்னால் வந்த வம்பு வந்திருக்காது.

முதலாளிக்கு எந்த ஊர்க் கடைக்கு எந்தச் சாமி படம் போகும் என்பது தலைகீழ்ப் பாடம். கோவில்பட்டிக்கு ஒரு முருகன், கோயம்புத்தூருக்கு வேறு முருகன். ஆனால் மற்ற மதக்காரர்களின் ஆர்டர் வந்தால் அவருக்குக் கை ஓடாது. அப்படி வருஷாவருஷம் வந்தவை மூன்று. சாத்தூர்ப் பக்கத்துச் சபை ஒன்றின் உபதேசியார், சபையாருக்குக் கொடுக்கக் காலண்டர் கேட்பார். கையில் எப்போதும் குடை, சட்டைப் பையில் இரண்டு பேனா, எதைச் சொன்னாலும் பிரசங்கத்தின் முதல் வரி போலச் சொல்லும் மெலிந்த மனிதர். விருதுநகரில் வற்றல் மண்டி வைத்திருந்த ராவுத்தர் தன் வாடிக்கைக்காரர்களுக்காகக் கேட்பார். பெரிய உருவம், சின்னக் குரல். மூன்றாவது ஆள் கொச்சிக்காரர். அங்கே விளக்கும் கண்ணாடிச் சாமானும் விற்கிற கடைக்காரர். தீப்பெட்டி லோடு எடுக்க சிவகாசிக்கு வந்து பழகியவர், அப்படியே காலண்டரும் போடச் சொன்னார். அவர் யூதர். அதற்கு முன்னால் யூதர் என்ற சொல்லை நான் பரீட்சைத் தாளில் மட்டும்தான் எழுதியிருக்கிறேன். அவர்கள் எகிப்திலிருந்து நடந்து வருவார்கள் என்று நினைத்திருந்தேன்; இவர் கொல்லம் ரயிலில் வந்து இறங்கினார்.

சேர்ந்து இரண்டாவது வருஷமோ மூன்றாவது வருஷமோ, முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“அந்த ஆபிரகாம்னீரே, அவரு மூணு பேருக்கும் பொதுவா?”

“பொதுதான்ங்கய்யா. மூணு பேருக்கும் அவர்தான் தகப்பன் மாதிரி.”

“தகப்பன் ஒருத்தர்னா படமும் ஒண்ணு போதும்ல?”

ஒரே படம், மூன்று ஆர்டர். கீழே கடைப் பெயரும், தேதிச் சீட்டில் சிவப்பு நாளும் மட்டும் மாறும். உபதேசியாருக்கு ஞாயிறு சிவப்பு, ராவுத்தருக்கு வெள்ளி சிவப்பு, கொச்சிக்காரருக்கு சனி சிவப்பு. எனக்கும் அது பிரமாதமான யோசனையாகத்தான் பட்டது. மதங்கள் பல நூறு வருஷமாகச் செய்ய முடியாததை ஒரு லித்தோ மெஷின் செய்யப் போகிறது என்றுகூட நினைத்தேன். அப்போது எனக்கு இருபத்து நாலு வயது.

எந்தக் காட்சி என்று முதலாளி கேட்டார். நான் பரிசு வாங்கின பாடத்திலிருந்தே சொன்னேன்: கடவுள் கேட்டார் என்று ஆபிரகாம் தன் மகனையே பலி கொடுக்க மலை மேல் கூட்டிப் போகிறார், கத்தியை ஓங்கும்போது வானத்திலிருந்து சத்தம் வருகிறது, மகனுக்குப் பதில் ஒரு ஆட்டுக்கடா. முதலாளிக்குக் கதை உடனே பிடித்துவிட்டது. “நம்ம பிள்ளைக்கறி கேட்ட கதைதான்யா இது” என்றார். எங்கள் ஓவியர் வெடிக்கட்டு லேபிளுக்குப் புலியும் விமானமும் வரைந்து பேர் வாங்கியவர். ஒரே வாரத்தில் வரைந்துவிட்டார். தாடிக் கிழவர், பளபளக்கிற கத்தி, கட்டிப் போட்ட பையன், முள்ளுச் செடியில் கொம்பு மாட்டிக்கொண்ட கடா. கடா மட்டும் அச்சு அசல் எங்கள் ஊர்க் கருப்பசாமி கோவில் கிடா.

படத்தைப் பார்க்க மூவரையும் ஒரே நாளில் வரச் சொல்லிக் கடிதம் எழுத வேண்டும். நாள் பார்ப்பதே பெரும்பாடாகிவிட்டது. வெள்ளி ராவுத்தர் வர மாட்டார். சனி கொச்சிக்காரர் வண்டி ஏற மாட்டார். ஞாயிறு உபதேசியாருக்கு ஆராதனை. செவ்வாய்க்கிழமை புது ஆர்டர் பேச முதலாளி சம்மதிக்க மாட்டார். கடைசியில் ஒரு புதன்கிழமை என்று முடிவாயிற்று. இத்தனை மதத்துக்கும் பகையில்லாத ஒரு கிழமை இருக்கிறது என்று கண்டுபிடித்ததே பெரிய காரியமாகத் தோன்றியது.

புதன்கிழமை மூவரும் வந்தார்கள். ஆபீஸ் அறையில் படத்தை நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தோம். உபதேசியார்தான் முதலில் பேசினார்.

“நல்லா வந்திருக்கு. ஈசாக்கு முகத்துல கீழ்ப்படிதல் தெரியுது.”

ராவுத்தர் தொண்டையைக் கனைத்தார். “ஈசாக்கு இல்லீகளே. குர்பானிக்குக் கூட்டிட்டுப் போனது மூத்த மகன் இஸ்மாயீலல்ல?”

“இல்லீங்க. வேதத்துல ஈசாக்குன்னு பேரே போட்டிருக்கு.”

இருவரும் கொச்சிக்காரரைப் பார்த்தார்கள். அவர் சங்கடத்தோடு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எங்கட புஸ்தகத்திலும் ஈசாக்கு தன்னே” என்றார்.

உபதேசியார் குடையை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றிக்கொண்டார். அவருக்கு அது வெற்றியின் அடையாளம்.

முதலாளி என்னைப் பார்த்தார். மூத்தவனும் இளையவனும் யார் என்று நான் அவர் காதில் விளக்கினேன். ஆபிரகாமுக்கு இரண்டு மனைவி, இரண்டு மகன். மூத்தவன் வழி வந்தவர்கள் அரபிகள், இளையவன் வழி யூதர்கள். முதலாளி முகம் தெளிந்தது. “பங்காளித் தகராறுனு மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே! பையன் மூஞ்சிய அந்தப் பக்கமாத் திருப்பி வச்சிருவோம். யாருனு தெரியாது. அவங்கவங்க பிள்ளைனு நெனச்சுக்கிடட்டும்.”

நியாயமான தீர்ப்பு. ஆனால் ராவுத்தர் தலையாட்டவில்லை.

“அது மட்டுமில்லீக. எங்க வீடுகள்ல நபிமாருக உருவத்தச் சுவத்துல மாட்ட மாட்டோம். மனுச ரூபமே ஆகாது. நான் போன வருசம் ரோசாப்பூதானே போடச் சொன்னேன்?”

“நமக்கும் அங்ஙனெதான்” என்றார் கொச்சிக்காரர், இந்த முறை கொஞ்சம் உற்சாகமாக. “ஞங்ஙள்ட பள்ளியில ஒரு ரூபமும் வைக்கில்லா. இத அங்க மாட்ட சம்மதிக்கில்லா.”

முதலாளி திடுக்கிட்டார். “பள்ளிவாசலா? நீங்களும் அங்கனயா போறீக?”

அப்போதுதான் தெரிந்தது: கொச்சிப் பக்கம் யூதர் கோவிலுக்கும் பள்ளி என்றுதான் பெயர். மசூதிக்கும் பள்ளி. மாதா கோவிலுக்கும் பள்ளி. மூன்றும் அடுத்தடுத்த தெருவில்கூட இருக்குமாம். வழி கேட்கிறவன் எந்தப் பள்ளி என்று சொல்லாவிட்டால் மூன்று இடத்துக்கும் போய்ச் சேரலாம்.

இப்போது ராவுத்தரும் கொச்சிக்காரரும் ஒரு கட்சி. உபதேசியார் தனியாள். படத்தைக் கும்பிடவில்லையே, பார்க்கத்தானே செய்கிறோம் என்று வாதாடினார். அப்புறம் கொஞ்சம் சூடாகி, “எங்க ஆண்டவரே மனுஷ ரூபத்துல வந்தவர்” என்றார். கொச்சிக்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ராவுத்தர்தான் அவசரமாக, “ஈஸா நபிய நாங்க ஒண்ணும் குறைச்சுச் சொல்லலீக. மர்யம் அம்மா பேருல குர்ஆன்ல தனி சூரா, ஒரு அத்தியாயமே இருக்கு. தகப்பன் இல்லாமப் பொறந்தவருனு நாங்களும் நம்புதோம். ஆண்டவனோட மகன்னு சொல்றதுதான் எங்களுக்கு ஆகாது” என்றார்.

உபதேசியாருக்கு இது புதுச் செய்தி. இருபது வருஷமாக சாத்தூருக்கும் விருதுநகருக்கும் நடுவில் ஊழியம் செய்தவர், ராவுத்தர்மார் கன்னி மரியாளை மதிப்பார்கள் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை என்றார். ராவுத்தரும், இதுவரை யாரும் கேட்கவில்லை என்றார். இப்போது அவர்கள் இருவரும் ஒரு கட்சி. ஈசாக்குக்குத் துணை நின்ற கொச்சிக்காரர் தனியாள்.

முதலாளி ரொம்ப நேரம் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். “எந்த ரெண்டு பேரைச் சேத்து வச்சாலும் மூணாவது ஆளு வெளிய நிக்காரே” என்றார். பிற்காலத்தில் இந்த விஷயத்தைப் பற்றி நான் சில தடித்த புத்தகங்கள் படித்திருக்கிறேன். அதற்கு மேல் அவை பெரிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை.

அதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. சாப்பிடப் போகலாம் என்று முதலாளி என்னைக் கூட அனுப்பினார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நல்ல ஆட்டுக்கறி கிடைக்கும் பாய் கடை ஒன்று இருந்தது. அங்கே போகலாமா என்றேன். கொச்சிக்காரர் மெதுவாக மறுத்தார். அவர்கள் ஆள், அவர்கள் முறைப்படி அறுத்த கறிதான் சாப்பிடலாம். அப்படி ஒரு ஆள் கொச்சிக்கு இந்தப் பக்கம் கிடையாது.

“நாங்களும் ஆண்டவன் பேரச் சொல்லித்தானே அறுக்கோம்?” என்றார் ராவுத்தர். “ரத்தம் ஆகாது, பன்னி ஆகாது. எல்லாம் உங்க சட்டந்தானே?”

“செரிதான். ஆனாலும் சாப்பிடான் பாடில்லா.”

“நீங்க அறுத்தா நாங்க சாப்பிடலாம்னு எங்களுக்குக் கிதாபுலயே இருக்கு. நாங்க அறுத்தா நீங்க சாப்பிடக் கூடாதா?” ராவுத்தர் முகத்தில் நிஜமாகவே வருத்தம்.

உபதேசியார் தனக்கு எல்லாமே ஆகும் என்றார். அதைச் சொன்ன விதத்தில் கொஞ்சம் பெருமை இருந்தது. மற்ற இருவரும் அவரை ஒரே மாதிரிப் பார்த்தார்கள்.

கடைசியில் மூன்று மதக்காரர்களும் மனச்சங்கடம் இல்லாமல் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய ஒரே இடமாக ரத வீதிச் சைவ ஹோட்டல்தான் மிஞ்சியது. உள்ளே போன பிறகுதான் எனக்கு உறைத்தது: சுவர் முழுக்கச் சாமி படம். வள்ளி தெய்வானையோடு முருகன், லட்சுமி, சரஸ்வதி, நடராஜர். எல்லாம் எங்கள் அச்சகத்துப் படம். ராவுத்தரும் கொச்சிக்காரரும் ஒன்றும் பேசிக்கொள்ளாமல், படங்களுக்கு முதுகு காட்டும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். இருவர் தலையிலும் குல்லா. எதிரே உபதேசியார் ஜெபம் பண்ணுவதற்காகத் தலையில் வெயிலுக்குப் போட்டிருந்த துண்டை எடுத்தார். சாமிக்கு முன்னால் அவர்கள் தலையை மூடுகிறார்கள், இவர் திறக்கிறார். உபதேசியார் கண்ணை மூடிய இடம் நேராக முருகனுக்கு எதிர். பரிமாறுகிறவன் குல்லாக்களைப் பார்த்துவிட்டு உள்ளே சத்தம் கொடுத்தான்: “ரெண்டு பாய்க்கும் ரசம்!” கொச்சிக்காரர் திருத்தவில்லை. இலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

சாப்பிடும்போது பேச்சு இலகுவாகிவிட்டது. சுன்னத்து பற்றிப் பேச்சு வந்தது. யூதர்களுக்கு எட்டாம் நாள் என்று தெரிந்தவுடன் ராவுத்தர், “கொடுத்து வச்ச பிள்ளைக. எனக்கு ஏழு வயசுல பண்ணுனாக, நல்லா ஞாபகம் இருக்கு” என்றார். உபதேசியார், தங்கள் ஆண்டவருக்கும் எட்டாம் நாள் விருத்தசேதனம் நடந்தது என்றும், ஆனால் தங்களுக்கு அது தேவையில்லை என்றும் சொன்னார். “அவருக்கு உண்டு, உங்களுக்கு இல்லியா?” என்று ராவுத்தர் ஆச்சரியப்பட்டார். உபதேசியார் அதற்குக் கொடுத்த விளக்கம் நீளமானது. ரசம் முடிந்து மோரும் முடிந்துவிட்டது.

மூவருக்கும் நிலாக் கணக்கு உண்டு என்பதும் அங்கேதான் வெளிவந்தது. ராவுத்தருக்கு மாதமெல்லாம் நிலாதான். அதனால் நோன்பு வருஷாவருஷம் முன்னால் நகர்ந்து, ஒரு காலத்தில் அடைமழையிலும் ஒரு காலத்தில் சித்திரை வெயிலிலும் வரும். கொச்சிக்காரருக்கும் நிலாதான், ஆனால் பண்டிகை பருவம் தப்பிவிடாமல் சில வருஷம் ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சொருகிவிடுவார்கள். உபதேசியாருக்கு மற்றதெல்லாம் சூரியன். உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு மட்டும் பௌர்ணமி பார்க்க வேண்டும். தீபாவளிக்கும் அமாவாசை பார்க்கத்தான் வேண்டும் என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன். மூவரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

படத் தகராறு ஓவியரால் தீர்ந்தது. நாங்கள் திரும்பி வந்தபோது அவர் கோபத்தில் இருந்தார். ஒரு வார வேலை வீண். “மனுசன் ஆகாது, ஆடு ஆகாது. பின்ன எதத்தான் போட? வானத்தையா போட?” என்றார்.

கொச்சிக்காரர் நிமிர்ந்தார். கடவுள் ஆபிரகாமை வெளியே கூட்டிப் போய், நட்சத்திரங்களை எண்ணிப் பார், உன் சந்ததி அவ்வளவு பெருகும் என்று சொன்ன கதையை ஞாபகப்படுத்தினார். உபதேசியார் அதிகாரம் எத்தனை என்பதையும் சேர்த்துச் சொன்னார். ராவுத்தருக்குக் கதை வேறு, நட்சத்திரம் அதே: இப்ராஹீம் நபி நட்சத்திரத்தைப் பார்த்து இதுதான் இறைவனோ என்றார், அது மறைந்தது, நிலாவைப் பார்த்தார், மறைந்தது, சூரியனைப் பார்த்தார், அதுவும் மறைந்தது, மறைகிற எதுவும் இறைவன் இல்லை என்று தெளிந்தார்.

மூன்று பேரும் சம்மதித்த முதல் விஷயம் அது. மலை, இரண்டு மூன்று கூடாரம், வானம் நிறைய நட்சத்திரம். ஓவியர் பழக்கதோஷத்தில் ஒவ்வொரு நட்சத்திரத்தையும் கம்பி மத்தாப்பு மாதிரி வரைந்துவிட்டார். யாரும் குறை சொல்லவில்லை.

எல்லாம் நல்லபடியாகப் போனது. கெடுத்தது நான்.

தேதிச் சீட்டுக்கு எந்த நாள் சிவப்பு என்று துண்டுத்தாளில் எழுதிக் கொடுக்க வேண்டியது என் வேலை. மூன்று மதங்களின் சூட்சுமமும் எனக்கு மட்டும்தான் தெரியும் என்ற நினைப்பில், சரிபார்க்கக்கூட இன்னொருவரிடம் காட்டவில்லை. ராவுத்தர் தாளில் சனி என்றும், கொச்சிக்காரர் தாளில் வெள்ளி என்றும் மாற்றி எழுதிவிட்டேன். படமும் ஒன்று என்பதால் கட்டுக் கட்டுகிறவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மார்கழியில் விருதுநகரிலிருந்து ஆள் வந்தது: உடனே வரச் சொன்னார்கள்.

திருத்தங்கல், ஆமத்தூர் வழியாக பஸ்ஸில் போனேன். ஆமத்தூரில் இறங்கி வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். மண்டிக்குள் வற்றல் நெடி. எனக்கு அடுக்கடுக்காகத் தும்மல் வந்தது. தும்மி முடிக்கும் வரை ராவுத்தர் பொறுமையாக இருந்தார். பிறகு காலண்டரை என் முன்னால் வைத்தார்.

“தம்பி, இதப் பாருங்க. வெள்ளி கறுப்பா இருக்கு, சனி சிவப்பா இருக்கு. நான் எப்ப மதம் மாறுனேன்?”

நான் மன்னிப்புக் கேட்டேன்.

“பள்ளிவாசலுக்கும் அனுப்பியாச்சு. பாதி வாடிக்கைக்கும் போயாச்சு. ஜமாத்துல பெரியவுக கேக்காக. என்னனு சொல்ல?”

அதற்கான பதிலையும் அவரே சொன்னார். வெள்ளிக்கிழமை தங்களுக்கு ஓய்வு நாள் இல்லை. தொழுகை முடிந்தால் அவனவன் வேலையைப் பார்க்கப் போகலாம் என்றுதான் சட்டம். சிவப்பு போடுவதே மற்றவர்களைப் பார்த்து வந்த வழக்கம் என்றார். “ஆண்டவன் ஆறு நாள்ல ஒலகத்தப் படைச்சாங்கிறது எங்களுக்கும் உண்டு. ஆனா ஏழாம் நாளு அவன் ஓய்வெடுத்தாங்கிறது இல்ல. அவனுக்கு ஏது அலுப்பு?” என்றார். கோபம் போய்விட்டதா, இல்லை எனக்காகப் போக்கிக்கொண்டாரா தெரியவில்லை. அவருடைய இந்து வாடிக்கைக்காரர்கள் சனிக்கிழமைச் சிவப்பைப் பெருமாளுக்காகப் போட்டது என்று எடுத்துக்கொண்டு, ராவுத்தருக்கு எவ்வளவு பெரிய மனசு என்று பேசிக்கொண்டார்களாம். அதையும் சொன்னார். சொல்லும்போது மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது.

கொச்சியிலிருந்தும் கடிதம் வந்தது. தங்களுக்கு வெள்ளிக்கிழமை சூரியன் சாய்ந்ததுமே சனிக்கிழமை தொடங்கிவிடுகிறது, ஆகவே உங்கள் அச்சகம் பாதி சரி, பாதி அவசரம் என்று என் மனைவி சொல்கிறாள் என்று எழுதியிருந்தார். காலண்டரில் ஒரு கட்டை அடுத்த தெரு மாப்பிள்ளை முஸ்லிம் கடைக்காரர் ஆசையாகக் கேட்டு வாங்கிக்கொண்டுவிட்டாராம்.

முதலாளி இதையெல்லாம் கேட்டு மனம் இளகுகிறவர் அல்ல. மாதக் கடைசியோடு நின்றுகொள்ளும் என்று சொல்லிவிட்டார். இரண்டு நாள் கழித்து ராவுத்தரே பஸ் ஏறி வந்தார். நான் பக்கத்து அறையில் இருந்தேன். தட்டிக்கு அந்தப் பக்கம் பேசினது எல்லாம் கேட்டது.

“இந்தத் தம்பிய அனுப்பிறாதீக. எங்க மூணு பேரு சங்கதியும் தெரிஞ்ச ஆளு சிவகாசியில இவுக ஒருத்தருதான்.”

“தெரிஞ்சதுனாலதானய்யா மாத்திப்பிட்டான்? ஒண்ணும் தெரியாதவன்னா நீங்க சொன்னத அப்படியே எழுதியிருப்பான்” என்றார் முதலாளி.

முதலாளி சொன்னது முழு உண்மை. ஆனாலும் வேலை நிலைத்தது. அன்று முதல் துண்டுத்தாளை நான் எழுதுவேன், ஓவியர் படித்துப் பார்ப்பார்.

அதற்குப் பின் வருஷத்தில் ஒரு புதன்கிழமை மூவரும் வருவது வழக்கமாகிவிட்டது. தனித்தனியாகவே வந்திருக்கலாம்; ஆனால் சேர்ந்து வந்தார்கள். அதே சைவ ஹோட்டல். எதிலும் ஒருவரை ஒருவர் சம்மதிக்க வைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஈசாக்கா இஸ்மாயீலா என்பது வருஷாவருஷம் கேசரிக்கும் காப்பிக்கும் நடுவில் ஒருமுறை எழுந்து அடங்கும்.

அறுபதுகளின் நடுவில் ஒரு வருஷம், கொச்சிக்காரர் அது கடைசி வரவு என்றார். குடும்பத்தோடு அவர்கள் நாட்டுக்கே போகிறாராம். “தெரு காலி ஆயி. தொழுகைக்குப் பத்து ஆண் வேணம். இப்ப ஒன்பது பேரே உள்ளூ.”

“எங்களுக்கு இமாமப் போக மூணு பேரு இருந்தா ஜும்மா நடத்தலாம்” என்றார் ராவுத்தர்.

“எங்களுக்கு ரெண்டு பேரே போதும்” என்றார் உபதேசியார். உடனே, சொன்னது தப்போ என்பதுபோல இலையைப் பார்த்தார்.

ராவுத்தர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்: “அங்கன எங்க ஆளுக நெறையப் பேரு வீடு வாசல விட்டுட்டுப் போனதாப் பேப்பர்ல படிச்சேன். நீங்க போய் யாரு வீட்டுல இருப்பீக?”

அவர் குரலில் சண்டை இல்லை. அதனால்தான் பதில் சொல்லக் கஷ்டமாக இருந்திருக்கும். கொச்சிக்காரர் கையை இலையிலிருந்து எடுத்துவிட்டார். “எனக்கறியில்லா” என்றார். “சத்தியமாயிட்டு எனக்கறியில்லா.” வெளியே வந்ததும் ராவுத்தர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தார்.

அப்புறம் ஒரு ஜூன் மாதம் அந்த நாட்டில் சண்டை மூண்டது. பேப்பர் முழுக்க அதே செய்தி. சபையில் சிலர் தீர்க்கதரிசனம் நிறைவேறுகிறது என்று சந்தோஷப்பட்டதாக உபதேசியார் சொன்னார். தனக்கு அப்படிச் சந்தோஷப்படத் தெரியவில்லை என்றும் சொன்னார். ராவுத்தர் ஒருநாள் அச்சகத்துக்கு வந்தார். ஆர்டர் பற்றி ஒன்றும் பேசவில்லை. “கொச்சிக்காரருக்கிட்டயிருந்து சேதி உண்டா?” என்றார். அவர் ஆட்கள் தோற்ற சண்டை அது.

பழைய முகவரிக்கு எழுதி, அங்கே மிச்சமிருந்த உறவினர் மூலம் புது முகவரி வாங்கினேன். வெளிநாட்டுக் கடிதத் தாள் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த புதன்கிழமை இருவரையும் உட்கார வைத்து எழுதினேன். சுகமா என்று இருவரும் கேட்டார்கள். உபதேசியார், எருசலேமுக்குப் போனால் தன் சபைக்காக ஒரு ஜெபம் சொல்லச் சொன்னார். ராவுத்தர் ரொம்ப யோசித்தார். பிறகு, இப்ராஹீம் நபி அடங்கின இடம் இப்போது அவர்கள் ஆட்கள் கைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன், போக முடிந்தால் அங்கே நின்று என் ஸலாமைச் சொல்லச் சொல்லுங்கள் என்றார். “நான் போய்ச் சொல்றதுக்கு இனி வழி இருக்காது” என்றார். எழுதினேன். உபதேசியார் தன்னுடையதையும் அங்கேயே சொல்லச் சொன்னார். அதையும் ஓரத்தில் நெருக்கி எழுதினேன்.

நாலைந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. குடும்பம் சுகம். ஒரு தோட்டத்தில் வேலை, கையெல்லாம் கொப்புளம், மீன் குழம்புக்குக் குடம்புளி கிடைக்கவில்லை. கொச்சிக்காரர்கள் என்று அங்கேயும் இவர்களைத் தனியாகத்தான் பார்க்கிறார்களாம். ஆபிரகாம் அடங்கின இடத்துக்குப் போனாராம். அங்கே யார் எந்தப் பக்கம் நிற்பது, யார் எப்போது வருவது என்று பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. துப்பாக்கி வைத்திருந்த ஒரு பையன் சீக்கிரம் நகரச் சொன்னான். ஆகவே நம் மூன்று பேர் சங்கதியையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வந்துவிட்டேன் என்று எழுதியிருந்தார்.

கடிதத்தை இருவருக்கும் வாசித்துக் காட்டினேன். ராவுத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உபதேசியார் கடிதத்தை வாங்கி ஒருமுறை தானே படித்தார். இங்கிலீஷ் எழுத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போய், கடைசி வரியில் நின்று நிமிர்ந்தார்.

“ஒரே மூச்சுலன்னா, யார் பேரை முதல்ல சொன்னாராம்?”

“அதத்தான் நானும் நெனச்சேன்” என்றார் ராவுத்தர். “தம்பி, கேட்டு எழுதுங்க.”